பஞ்சு சுற்றி வந்த நீலத்தாள்

9 ஜூன் 1958, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. இந்த வருஷமும் எனக்கு இரண்டாம் வகுப்புதான். தலைமையாசிரியர் தாணுமாலயன் சார், "பாளையங்கோட்டைப் பயிற்சியிலே என்னமோ கைவேலை படிச்சிட்டு வந்தீங்களே டீச்சர், அதையும் சொல்லிக் குடுங்க. இன்ஸ்பெக்டர் வந்தா கேப்பாரு" என்றார்.

மத்தியானம் ஜெபமலர் டீச்சர் தூக்குச்சட்டியைத் திறந்துகொண்டே கேட்டாள்: "கொழும்புலேருந்து கடுதாசி வந்துதாக்கா?"

"வந்துது. சுகமா இருக்காவளாம்."

நாலு வருஷமாகச் சொல்கிற பொய். இப்போது வாயில் தானாக வருகிறது. கொழும்பில் எனக்கு யாரும் இல்லை. என் புருஷன் பால்வண்ணநாதன் மலைக்கு அந்தப்பக்கம், புனலூரையும் தாண்டி, பெருவியாதி ஆஸ்பத்திரியில் இருக்கிறார். குஷ்டம். இதை எழுதும்போதே கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன்.

14 ஜூன், சனி

வீட்டுக்காரி ரெங்கம்மாளிடம் வழக்கமான பொய்யாக "புனலூர் அக்காவைப் பாத்துட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு ரயில் ஏறினேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். மாத்திரை வேலை செய்துவிட்டது, கிருமி இல்லை, இனி யாருக்கும் தொற்றாது, அவரை வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்றார். இடது கையில் மடங்கிய விரல்கள் மடங்கினதுதான். நுனி போன இரண்டும் போனதுதான். காலில் உணர்ச்சி திரும்பாது, புண் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மற்றபடி அவர் உடம்பில் இனி நோய் இல்லை.

நாலு வருஷம் கோயில் வாசலில் நின்று எந்தச் செய்திக்காகக் கும்பிட்டேனோ அந்தச் செய்தி. எங்கே கூட்டிப் போவேன்? நான் வாடகைக்கு இருக்கும் ரெங்கம்மாள் வீட்டு மச்சுக்கா? அந்தக் கையைப் பார்த்த அன்றைக்கே பாத்திரங்கள் தெருவில் கிடக்கும். வேலை?

வராந்தாவில் அவர் காத்துக்கொண்டிருந்தார். முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன்.

"தீபாவளி கழியட்டும். அதுக்குள்ள தனியா ஒரு வீடு பாத்துருதேன்" என்றேன்.

"சரி ஆவுடை. என்ன அவசரம்?"

பேச்சை மாற்றுவதற்காகத்தான், கைவேலை வகுப்பில் சொல்லித்தரப் போகிற காகித மொசைக் பற்றிச் சொன்னேன். மிட்டாய்த்தாள், சினிமா நோட்டீஸ், தீப்பெட்டி லேபிள் எல்லாம் பிள்ளைகள் கொண்டுவரும், மஞ்சளும் சிவப்பும் பச்சையும் எப்படியும் கிடைக்கும், நல்ல நீலம்தான் கிடைக்காது என்றேன். கவனமில்லாமல் கேட்டுக்கொள்கிற மாதிரி தலையாட்டினார்.

18 ஜூன், புதன்

முதல் கைவேலை வகுப்பு.

"மொசைக்குன்னா என்ன டீச்சர்?"

ரைஸ்மில் முதலாளியின் புது வீட்டுத் தரையைச் சொன்னேன். கல்லைச் சின்னச் சின்னதாக உடைத்துப் பதித்திருக்கிறார்கள் அல்லவா, அது. நமக்குக் கல் வேண்டாம், தாள் போதும். அட்டையில் பென்சிலால் மீன் வரைந்து கொடுத்தேன். தாளை நகத்தளவு கிழிக்க வேண்டும், கத்தரிக்கக் கூடாது. பசையைத் தாளில் தடவாமல் அட்டையில் தடவ வேண்டும், கொஞ்ச இடத்தில் மட்டும், இல்லாவிட்டால் ஒட்டுவதற்குள் காய்ந்துவிடும். ஓரத்திலிருந்து உள்ளே வர வேண்டும். ஒன்றின் மேல் ஒன்று ஏறக் கூடாது. நடுவில் ஒரு நூல் இடம் விட வேண்டும்.

ஒருவரும் கேட்கவில்லை. மீன் மேல் மலை மலையாகத் தாள். மைதா பசையில் பாதியை நல்லதம்பி தின்றுவிட்டான்.

ஆனால் வகுப்பு முழுக்க வாய் திறக்காத வள்ளித்தாய், போலீஸ்காரர் இசக்கிப்பாண்டியின் மகள், மூலையில் உட்கார்ந்து ஒரே ஒரு செதிளை ஒட்டியிருந்தாள். நூல் இடம் விட்டு, ஓரம் பிசகாமல்.

23 ஜூன்

சாரல். துணி காயவில்லை. எதுவுமே காயவில்லை.

25 ஜூன், புதன்

இன்று கோபுரம் வரைந்து கொடுத்தேன். நம் தென்காசிக் கோபுரத்தை, இடி விழுந்து பிளப்பதற்கு முன்னால் இருந்த மாதிரி முழுதாக, மேலே கலசத்தோடு. பாதிப் பிள்ளைகள் நடுவில் இடத்தை அப்படியே விட்டுவிட்டு இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கிறார்கள். ஏன் என்றேன். "நம்ம கோவுரம் பொளந்துதான டீச்சர் கெடக்கு?" அவர்கள் பிறந்ததிலிருந்து பார்த்தது அதைத்தான். நானும் அதைத்தான்.

சிரிப்பு வந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு.

2 ஜூலை, புதன்

எழுதத்தான் வேண்டும்.

மூன்றாவது பீரியட். பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்து ஒட்டிக்கொண்டிருந்தார்கள். வாசலில் நிழல். நிமிர்ந்தேன். வெள்ளை வேட்டி, வெளுத்த சட்டை, தோளில் துணிப்பை. அவர்.

"ஆவு—" என்று ஆரம்பித்து, பிள்ளைகளைப் பார்த்து, "டீச்சர்" என்றார். பையிலிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்தார். நீலம். கருநீலம். ஆஸ்பத்திரியில் பஞ்சுருளை சுற்றி வரும் தாள். ஒவ்வொன்றாக நீவி மடித்துச் சேர்த்து வைத்திருக்கிறார்.

பிள்ளைகள் மொய்த்துக்கொண்டார்கள். அவர் அவர்களோடு தரையில் உட்கார்ந்துவிட்டார். மடங்கிய கையால் அட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு வலது கை விரலால் பசை தொட்டு வள்ளித்தாய்க்கு வானம் ஒட்டிக் காட்டினார்.

"மாமா, ஒங்க வெரல் எங்க?" என்று நல்லதம்பி கேட்டான்.

"எலி தின்னுட்டுப் போயிட்டுலே."

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. உணர்ச்சியில்லாத விரலைத் தூக்கத்தில் எலி கடித்தது உண்மை. அவரும் சேர்ந்து சிரித்தார். கல்யாணமான புதிதில் அப்படிச் சிரிப்பார்.

அப்போதுதான் தாணுமாலயன் சார் வந்தார்.

"யாரு டீச்சர் இது?"

நான் என் புருஷனைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். கையை வேட்டி மடிப்புக்குள் விட்டுக்கொண்டார்.

"எங்க ஊர்க்காரர் சார். தெரிஞ்சவர்."

சொல்லிவிட்டேன். சொன்னது நான்தான்.

அவர் எழுந்தார். "ஆமா சார். டீச்சருக்கு ஊர்க்காரன். இந்தப் பக்கமா வந்தேன். போயிருதேன்." பிள்ளைகளிடம் தலையசைத்துவிட்டுத் தூறலில் இறங்கிப் போனார்.

வீட்டில் காத்திருப்பார் என்றுதான் நினைத்தேன். சாமி சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். கடைசி மணி அடித்ததும் ஓடி வந்தேன். பூட்டு பூட்டியபடி தொங்கியது.

3 ஜூலை

வரவில்லை.

5 ஜூலை, சனி

ஆஸ்பத்திரிக்குத் திரும்பியிருப்பார் என்று போனேன். மலையாளத்துக்கார வார்டு ஆள் என்னைப் பார்த்து ஆச்சரியப்பட்டான்.

"ஆள் போயல்லோ சேச்சி. உங்ககிட்டதானே வந்தது?"

ஜூலை பிறந்ததும் கட்டிலைக் காலி செய்ய வேண்டும் என்று முன்னமேயே சொல்லிவிட்டார்களாம். புது நோயாளிகள் காத்திருக்கிறார்கள். போன மாதம் நான் போனபோதே அவருக்கு அது தெரியும். "சரி ஆவுடை, என்ன அவசரம்" என்றாரே. போக இடமில்லாத மனுஷன் எனக்கு அவகாசம் கொடுத்தார்.

"பெண்டாட்டிகிட்டே போறேன், பிள்ளைகளுக்கு நீலத்தாள் கொண்டுபோறேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டுப் போயி" என்றான் வார்டு ஆள்.

திரும்பி வரும்போது ஆரியங்காவுக் குகைக்குள் ரயில் நுழைந்தது. அந்த இருட்டிலேயே இருந்துவிட்டால் என்ன என்று தோன்றியது.

7 ஜூலை, திங்கள்

காலை மணி அடிப்பதற்கு முன்பே இசக்கிப்பாண்டி வந்து நின்றார், போலீஸ் உடுப்போடு. வள்ளித்தாயின் கை இரண்டும் சிவந்திருந்தன. வேப்பிலையும் மஞ்சளும் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள்.

"சார், பெருவியாதிக்காரன் ஒருத்தன் கிளாசுக்குள்ள வந்து பசைக்குள்ள கைய விட்டானாம்லா? அதே பசையிலே எம் பிள்ளயும் கைய விட்டிருக்கு. எவன் சார் அவன்? எப்படி உள்ள விட்டியோ?"

அவருக்குப் பின்னால் வேறு தாய் தகப்பன்மார். சார் என் பக்கம் திரும்பினார்.

"டீச்சர், உங்க ஊர்க்காரர்னு சொன்னீங்களே?"

"எங்க வீட்டுக்காரர்" என்றேன். "கொழும்புல இல்ல. ஆஸ்பத்திரியில இருந்தாவ. கொணமாயிட்டு. டாக்டரே சொல்லியாச்சு, யாருக்கும் ஒட்டாது."

ஐந்து நாள் முன்னால் சொல்லியிருக்க வேண்டியதை அவர் இல்லாத இடத்தில் சொன்னேன். யாருக்கு என்ன பயன்?

ஒரு அம்மாள் தன் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஜெபமலர் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். என் பக்கம் வரவில்லை.

அட்டைகளை எல்லாம் முற்றத்தில் குவித்து மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள். மீன், கோபுரம், நீல வானம் எல்லாம். பிள்ளைகள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வள்ளித்தாய் வாய்விட்டு அழுதாள். அவள் குரலை இன்றைக்குத்தான் கேட்டேன்.

8 ஜூலை

என் கையை நானே திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன்.

12 ஜூலை, சனி

பெரியாஸ்பத்திரியில் பரிசோதித்தார்கள். ஊசியால் குத்திப் பார்த்தார்கள், இறகால் தடவிப் பார்த்தார்கள். எனக்கு ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அதைக் கொண்டுபோய்ப் பள்ளிக்கூட மானேஜரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. மேஜையில் வைக்கச் சொன்னார்.

"சர்ட்டிபிகேட் இருக்கட்டும்மா. உன்மேல நான் குத்தம் சொல்லலை. ஆனா பிள்ளைய வரணும்லா? உன் வகுப்புல நேத்து எத்தன பேரு வந்தான்னு ரிஜிஸ்தர போய்ப் பாரு."

போய்ப் பார்க்கவில்லை. ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ரெங்கம்மாள் நான் தண்ணீர் இறைக்காமலிருக்கக் கிணற்றுக் கயிற்றைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டாள். "நீ நல்லவதான் ஆவுடை. நான் பேரம்பேத்தி உள்ளவ, என்ன செய்யட்டும்? ஆடிக்குள்ள வேற எடம் பாத்துக்கோ." சொல்லும்போது அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை.

20 ஜூலை, ஞாயிறு

குற்றாலத்துக்குப் போனேன்.

ஏன் இத்தனை நாள் எனக்குத் தோன்றவில்லை? அந்த மாதிரிக் கையுள்ளவனை யாரும் யார் என்று கேட்காத இடம் இந்தப் பக்கத்தில் அது ஒன்றுதான். சீசன் கூட்டம். எண்ணெய் தேய்த்த உடம்புகள், ஈரத்துண்டு, மங்குஸ்தான் கூடைகள், அருவியின் இரைச்சல். பேரருவிக்குப் போகும் வழியில் இரண்டு பக்கமும் பெருவியாதிக்காரர்கள் பிச்சைக்கு உட்கார்ந்திருந்தார்கள், முன்னால் துணி விரித்து.

நான் முகங்களைப் பார்க்கவில்லை. கைகளைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். இடது கை, மடங்கின விரல், நுனி போன இரண்டு. எத்தனை கைகள். யாரோ ஒருத்தி என் முந்தானையைப் பிடித்து, "என்னம்மா தேடுத?" என்றாள். சொன்னேன்.

"வெள்ளச் சட்டக்காரனா? இங்கனதான் இருந்தான். கேக்கமாட்டான். துணி விரிக்கமாட்டான். போடுததையும் எங்க பக்கமாத் தள்ளிவிட்டுருவான். கால்ல செருப்பு இல்ல, பாறையில கிழிச்சிக்கிட்டான். அவனுக்குத் தெரியவுமில்ல. நாங்கதான் ரத்தத்தப் பாத்துச் சொன்னோம்."

"இப்பம் எங்க?"

"போன வாரம் யாரோ பெரிய அதிகாரி குளிக்க வாராருன்னு எங்கள எல்லாம் லாரியில ஏத்திக் கொண்டுபோய்த் தள்ளிட்டானுவ. நடக்க முடிஞ்சவ திரும்பி வந்துட்டோம்."

எங்கே என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. இருட்டில் இறக்கிவிட்டார்களாம். போலீஸைக் கேள் என்றாள்.

21 ஜூலை, திங்கள்

தென்காசியில் எனக்குத் தெரிந்த போலீஸ்காரர் ஒருவர்தான். இசக்கிப்பாண்டி வீட்டு வாசலில் போய் நின்றேன். படியேறவில்லை.

என்னைக் கண்டதும் முகம் சுருங்கியது. விஷயத்தைச் சொன்னேன்.

"அந்த லாரியில டூட்டி நான்தான்" என்றார். "மூஞ்சியப் பாக்கல டீச்சர். ஏத்துன்னாவ, ஏத்தினேன். எறக்குன்னாவ, எறக்கினேன். எம் பிள்ளைக்குன்னு பயந்து பள்ளிக்கூடத்துக்கு வந்தேன், அது எந் தப்பில்ல. ஆனா இது..." நிறுத்திவிட்டார். "வீரகேரளம்புதூர் தாண்டி, ஆத்துப் பக்கம். மண்டபம் ஒண்ணு உண்டு."

உள்ளே போய்த் தன் பழைய கம்பளி ஒன்றைக் கொண்டுவந்து தரையில் வைத்தார். எடுத்துக்கொண்டேன்.

22 ஜூலை, செவ்வாய்

மண்டபத்தில் இருந்தார். சுவரோடு ஒண்டிப் படுத்திருந்தார். உடம்பு அனலாய்க் கொதித்தது. காலைப் பார்க்க முடியவில்லை. ஈ.

"ஏங்க" என்றேன். கண்ணைத் திறந்தார். யார் என்று தெரிந்துகொள்ள நேரமாயிற்று.

"நீயா? ஏன் வந்த? யாராவது பாத்துருவாவ."

"பாக்கட்டும். எல்லாருக்கும் சொல்லியாச்சு."

"அய்யோ, ஏன் சொன்ன? வேலை போயிருமே" என்றார். தன் காலை நினைக்கவில்லை இந்த மனுஷன்.

எந்த வண்டிக்காரரும் வர ஒப்பவில்லை. கடைசியில் பலவேசம் என்று ஒரு பெரியவர், வைக்கோல் வண்டிக்காரர், ஒன்றும் கேட்காமல் மாட்டைத் திருப்பினார். வைக்கோல்மேல் படுக்கவைத்துக் கம்பளியைப் போர்த்தினேன். வழியில் ஒரு இடத்தில் தெளிவு வந்து கேட்டார்:

"பிள்ளைகள் படத்த முடிச்சிட்டுதுகளா?"

"முடிச்சிட்டுதுங்க."

"நீலம் பத்திச்சா?"

"தாராளமாப் பத்திச்சு. வானம் பூராவும் நீலந்தான். பள்ளிக்கூடத்துச் சுவர்ல மாட்டியிருக்கு. இன்ஸ்பெக்டர் பாத்துட்டு ரொம்ப மெச்சினாரு."

"நல்லது" என்றார்.

23 ஜூலை

ஆஸ்பத்திரிக்குப் போகிற ரயிலில் எங்கள் பக்கத்துப் பலகைகளை விட்டு எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள். அவர் காலை நீட்டிப் படுக்க வசதியாகப் போயிற்று.

3 ஆகஸ்ட்

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். விஷம் மேலே ஏறாமலிருந்தால் பிழைப்பார் என்கிறார் டாக்டர்.

"ஊர்க்காரர்னு சொல்லிட்டேனே" என்று அவர் காலடியில் உட்கார்ந்து சொன்னேன். கேட்டதா, இல்லையா? தூங்கிக்கொண்டிருந்தார். விழித்திருக்கும்போது சொல்ல வேண்டும். நாளைக்குச் சொல்ல வேண்டும்.

11 ஆகஸ்ட்

விடியற்காலையில் போய்விட்டார். சொல்லவில்லை.

12 ஆகஸ்ட்

ஆஸ்பத்திரிக் காட்டிலேயே அடக்கம் செய்தார்கள். ஊருக்குக் கொண்டுபோகிறீர்களா என்று கேட்டார்கள். எந்த ஊருக்கு?

30 ஆகஸ்ட்

எழுத ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரிப் பக்கத்துச் சத்திரத்தில் இருக்கிறேன். சாப்பிடுகிறேன். வெட்கமாக இருக்கிறது, பசிக்கிறது.

17 செப்டம்பர், புதன்

டாக்டர் ஆளனுப்பினார். இங்கே நோயாளிகளுக்குப் பிறக்கும் பிள்ளைகளைப் பால்குடி மறந்ததும் பிரித்துத் தனி விடுதியில் வளர்க்கிறார்கள். நோய் ஒட்டாமலிருக்க. அதில் தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. "டீச்சருக்கு விருப்பம் உண்டோ?" என்றார்.

விருப்பமா? நான் போக இடமில்லாதவள். சரி என்றேன்.

11 நவம்பர்

இந்தப் பிள்ளைகள் யாரும் ஓடி வந்து கையைப் பிடிப்பதில்லை. கூப்பிட்டால் வருகின்றன, போ என்றால் போகின்றன. தீபாவளிக்கு மிட்டாய் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்து தின்றன. ஒரு சத்தம் இல்லை. ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

16 ஜனவரி 1959

வந்து நாலு மாதமாகத் தாளைத் தொடவே கை வரவில்லை. இன்று பிள்ளைகளில் ஒன்று வந்து, "ஒண்ணும் செய்யாண்டாமா டீச்சர்?" என்றது. அடுப்பை மூட்டிப் பசை காய்ச்சினேன்.

யானை வரைந்து கொடுத்தேன்.

1 பிப்ரவரி 1959, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தாய்மார் பிள்ளைகளைப் பார்க்கலாம். நடுவில் கம்பிவேலி, அதற்கும் அந்தப்பக்கம் இருபதடி தள்ளி ஒரு சுண்ணாம்புக் கோடு. கோட்டைத் தாண்டக் கூடாது. வழக்கமாக அந்தப்பக்கம் அழுகை, இந்தப்பக்கம் வேடிக்கை. பிறகு மணி அடிக்கும்.

இன்று பிள்ளைகள் அட்டைகளைத் தூக்கிக்கொண்டு வேலிக்கு வந்தன. கிட்டேயிருந்து பார்த்தால் வெறும் கிழிசல் தாளாக இருந்த யானை, அவ்வளவு தள்ளி நிற்கிறவர்களுக்கு யானையாகத் தெரிந்திருக்கிறது. "யானடீ! எம்மா, யான!" என்று கோட்டுக்கு அந்தப்பக்கம் சத்தம் எழுந்தது. இந்த வேலியில் அப்படியொரு சத்தத்தை நான் கேட்டதில்லை.

ஆசியா என்று ஒரு சிறுமி. ஒன்றரை வயதில் பிரிந்தவள். தாய் ஒருநாளும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை; அவளுக்குத் தன் தாய் இந்த வரிசையில் யார் என்று தெரியாது. அட்டையைத் தலைக்குமேல் தூக்கி, ஒவ்வொரு முகத்துக்கு நேராகவும் கொஞ்சம் நிறுத்தி நிறுத்தித் திருப்பிக்கொண்டே போனாள்.

தாய் நின்ற இடம் எனக்குத் தெரியும். கடைசிக்கு முந்தின ஆள். நான் குனிந்து, அதோ பார், அதுதான் உங்கம்மா என்று காட்டப்போனேன். அந்த அம்மாள் அங்கிருந்தே என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தாள். முக்காட்டை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்து, கன்னத்துத் தடிப்பை மறைத்துக்கொண்டு, தன் முறை வரும்வரை நின்றாள்.

ஆசியாவுக்குக் கை வலித்தது, பாதியில் தாழ்த்தப் பார்த்தாள். நான் அட்டையின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டேன். கடைசிவரைக்கும் காட்டினோம்.